பெண்கள் வாசலுக்கு மேலே இருந்த சுவர்

என் அருமை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிவிட்டது. முதலில் சொல்லவேண்டிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் வாசலுக்கு மேலே இருந்த செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, அவற்றை உட்சுவரோடு பிடித்து வைத்திருக்க வேண்டிய இரும்புக் கொளுவிகள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தனவாம். நீங்கள் சொன்னது சொன்னபடியே இருந்தது.

இதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படுவீர்களா? எனக்குத் தெரியவில்லை. ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று ஒருநாளும் சொல்லாத மனிதர் நீங்கள். அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. அதை உங்களிடமிருந்து பறித்தது யார் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

உங்களுக்கு மட்டும் எழுதி, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கலாம். ஆனால் பதினான்கு வருடங்களாக மொன்ட்ரியாலில் எங்கள் சனத்துக்குத் தெரிந்த கதை வேறு. ‘மகேசன் பள்ளிக்கூடக் கதவைச் சங்கிலியால பூட்டினவராம், பிள்ளையள் உள்ளுக்கு அம்பிட்டுப் போச்சுதாம், அதாலதான் மாத்தினவையாம்.’ கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் அதைச் சொன்னார்கள். உங்கள் செத்த வீட்டிலும் ஒருவர் சொன்னார். நான் தேநீர்த் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கும்படியே எழுதுகிறேன்.

அண்ணை, அந்தப் பள்ளிக்கு நான் முதன்முதல் வந்த நாள் நினைவிருக்கிறதா? மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையென்று அதிபரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தீர்கள். நான் லாசாலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீதிக்கு மறுகரையில் நின்று பார்த்தேன். கீழே சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல், மேலே கருஞ்சிவப்புச் செங்கல், கூரை விளிம்பில் கோட்டைச் சுவர்போலப் பல்லுப் பல்லாக வெட்டிய கல். இரண்டு முனைகளிலும் வளைவு வைத்த இரண்டு வாசல்கள். ஒன்றின் நெற்றியில் ‘போய்ஸ்’ என்றும் மற்றதில் ‘கேர்ள்ஸ்’ என்றும் ஆங்கிலத்தில் ஆழமாகச் செதுக்கியிருந்தது. எந்த வாசலால் போவதென்று தெரியாமல் நான் விழிக்க, நீங்கள் கையசைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

“நீ பொம்பிளைப் பிள்ளைதானே, உந்த வாசலால வா” என்று சிரித்தீர்கள். “இப்ப ஆர் எதால வந்தாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனா கட்டினவன் அப்பிடித்தான் நினைச்சுக் கட்டியிருக்கிறான்.”

வேலை தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது. அதற்குள் கட்டடம் முழுவதையும் காட்டிவிட்டீர்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடம், இங்கே குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டியது. ஆண் பிள்ளைகளின் படிக்கட்டும் பெண் பிள்ளைகளின் படிக்கட்டும் மூன்று தளங்களுக்கும் தனித்தனியாக ஏறிப்போய், நடுவில் இருந்த பெரிய மண்டபத்தில் மட்டும் சந்தித்தன. ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகை ஒரே பக்கம், யன்னல்கள் ஒரே பக்கம்.

“வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருகுது, பார்” என்றீர்கள்.

“இடப்பக்கத்தால.”

“ஓம். எல்லா வகுப்பிலயும் அப்பிடித்தான். வலக்கையால எழுதுற பிள்ளைக்குத் தன்ர கையின்ர நிழல் கொப்பியில விழக்கூடாது எண்டு, அதுக்காக முழுக் கட்டடத்தையும் திருப்பி வைச்சிருக்கிறான் மனுசன்.”

அதைச் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் பத்து வருடம் படவரைஞராக இருந்தவர் நீங்கள். இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, கடைசியில் இந்தப் பள்ளிக்குப் பராமரிப்பாளராக வந்தீர்கள். மற்றவர்களுக்கு அது கூட்டுகிற தும்புத்தடியும் பொயிலரும் உள்ள வேலை. உங்களுக்கோ, அளவுகோலைத் தொட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு வாசிக்கக் கிடைத்த ஒரு கட்டடம். கறுப்பு மட்டைக் கொப்பியில் அதன் முகப்பையும் படிகளையும், சுவருக்குள்ளால் காற்றுப் போகவென்று விட்ட துவாரங்களையும் வரைந்து வைத்தீர்கள். ஒருவரும் கேட்டு வரைந்ததல்ல.

உங்கள் மகள் மதுராவுக்கு அந்த ஆங்கிலப் பள்ளியில் படிக்க இடம் இருக்கவில்லை. எங்களைப்போல வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்பது இங்கே சட்டம். அண்ணி போனபிறகு அவளைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. நாலு தெரு தள்ளியிருந்த பிரெஞ்சுப் பள்ளி விட்டதும் அவள் நடந்து வந்து, பொயிலர் அறைக்குப் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்வாள். இத்தனை பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்ட நீங்கள், உங்கள் பிள்ளையைப் பின்பக்கத்துச் சின்னக் கதவால் உள்ளே எடுத்தீர்கள். அது உங்களுக்கு வலித்ததா? நான் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

பிறகு அந்த மாசி மாதம் வந்தது.

பெண்கள் வாசலுக்கு முன்னால் விழுந்திருந்த வெள்ளைப் பனியில், காலையில் சிவப்புப் பொடி கிடப்பதை நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். ஒருநாள் கண்டதும் கூட்டினீர்கள். அடுத்தநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் வீதியின் மறுகரைக்குப் போய்ச் சுவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னீர்கள்:

“பிள்ளை, சுவருக்கு வயிறு வைச்சிருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக் காட்டினீர்கள். ஒரு கை உள்ளே இருக்கும் சுவர், மற்றக் கை வெளியே தெரியும் செங்கல். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நடுவில் இருக்கும் இரும்புக் கொளுவிகள். “கூரைத் தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. இரும்பு கறள் பிடிச்சா வீங்கும். தண்ணி உறைஞ்சாலும் வீங்கும். ரெண்டும் சேந்து வெளிச்சுவரைத் தள்ளுது. பனி உருகேக்க விழும்.” வெளிப்பக்கக் கை மெல்ல விலகி மேசையில் விழுந்தது.

நிர்வாகத்தின் பராமரிப்புப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினீர்கள். கோடைகாலத்தில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அதிபரிடமும் சொன்னீர்கள். நல்ல மனுஷி, அவவும் அதே பிரிவுக்கு அனுப்பிவைத்தா. “அவைக்கு அளவு காட்டினாத்தான் விளங்கும்” என்றீர்கள் என்னிடம். “சனிக்கிழமை நீ வா. எனக்கு ஒரு ஆள் வேணும்.”

அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை நான் எத்தனை வருடமாக மறக்கப் பார்த்தேன்! இரண்டாம் மாடி யன்னலில் ஒரு பலகையை வெளியே நீட்டி, அதிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலைக் கீழே இறக்கினீர்கள். நான் கீழே கணுக்கால் அளவு பனியில் அளவுகோலோடு நின்றேன். குண்டு ஆடி ஆடி ஓயும்வரை காத்திருந்தேன்.

“எவ்வளவு?” என்று மேலிருந்து கத்தினீர்கள்.

“நாலு அங்குலம்!”

“திரும்பப் பார்!”

“நாலுதான் அண்ணை!”

மேலேயும் நாலு. பிறகு நீங்கள் முதலாம் மாடிக்கு இறங்கி, யன்னலால் உடம்பை வெளியே போட்டு நடுவில் அளந்தீர்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையில் அங்கே ஒன்றே முக்கால் அங்குலந்தான் இருந்தது. கீழேயிருந்து நானும் கண்ணால் கண்டேன். நேராகத் தொங்கிய நூலை நோக்கிச் சுவர் பிதுங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்த வாசலால்தான் நாள்தோறும் என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளை விளையாட அனுப்பினேன்.

அளவை அனுப்பினீர்கள். பதில் வரவில்லை. மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை, பெண்கள் வாசலை உள்ளிருந்து சங்கிலி போட்டுப் பூட்டினீர்கள். வெளியே, பிள்ளைகள் குந்தும் நீள வாங்குகளை இழுத்துப்போட்டு மறித்தீர்கள்.

அது பிழைதான் அண்ணை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அது நெருப்புப் பிடித்தால் வெளியேறவேண்டிய கதவு. புதன்கிழமை, முன்னறிவித்தல் இல்லாமல் தீப் பயிற்சி மணி அடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படிக்கட்டால் இறங்கி வந்தார்கள். ஆசிரியை கதவைத் தள்ளினா. சங்கிலி இழுத்தது. பின்னால் வந்த பிள்ளைகள் முன்னால் நின்றவர்களில் முட்டினார்கள். திரும்பி மேலே ஏறி, மற்றப் படிக்கட்டால் இறங்கி வெளியே வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முன்னால் நின்ற சின்னப்பிள்ளை ஒருத்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கி அழுதாள்.

அதிபர் வெளிறிப்போய் உங்களிடம் வந்தா. “நெருப்பு உண்மையாக இருந்திருந்தால்?” என்று கேட்டா. நீங்கள் உங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: “நெருப்பு வந்தால் இன்னொரு படிக்கட்டு இருக்கிறது, மேடம். சுவர் விழுந்தால் எந்தப் படிக்கட்டும் இல்லை.”

அடுத்த கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். உங்கள் கோட்டுப் பையிலிருந்து கறுப்புக் கொப்பியின் மூலை வெளியே தெரிந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லித்தரவில்லை. “கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லு, காணும்” என்றீர்கள். அவ்வளவுதான்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் எழுதினார். என் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. என் கணவரை, இவரை, இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிய கடதாசிகள் போய் எட்டு மாதம். இவர் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார். வேலை போனால் கூப்பிட ஏலாமல் போய்விடும் என்று ஆரோ சொன்னது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது உண்மையா என்று நான் விசாரித்துப் பார்க்கக்கூட இல்லை.

“அந்தச் சுவரில் ஏதாவது மாற்றத்தைக் கவனித்தீர்களா?”

“இல்லை.”

“உங்கள் அண்ணன் சுவரை அளந்தார் என்று தெரியுமா?”

“தெரியாது.”

இவ்வளவும் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கேட்டவர் நன்றி சொன்னார்.

வெளியே விறாந்தையில் வாங்கில் இருந்தீர்கள். என்னைக் கண்டதும் எழும்பி, “என்ன கேட்டவை?” என்றீர்கள்.

“நான் ஒண்டும் பாக்கேல்லை, அளந்ததும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை.”

உங்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உங்கள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“சரி. நீ போய்க் கீழ இரு. கோட்டைப் பூட்டு, வாசலில காத்தடிக்கும்.”

உள்ளே போனீர்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டீர்கள்.

உங்களை நகரத்தின் மற்ற முனையில், மொன்ட்ரியால்-நோரில் இருந்த ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. விடிய முன்னம் வீட்டை விட்டுப் போவீர்கள். உங்கள் பணிக் கோவையில் ஒரு கண்டனக் கடிதம் வைத்தார்கள். சங்கிலியைக் கழற்றினார்கள். கோடையில் வெடிப்புகளுக்குச் சாந்து பூசினார்கள், தூரத்திலிருந்து பார்க்கப் புதிதுபோல இருந்தது. சுவர் விழவில்லை. அந்த வருடம் விழவில்லை, அடுத்த வருடமும் விழவில்லை. விழாத ஒவ்வொரு வருடமும் உங்களைப் பொய்யராக்கியது. எனக்கு நிம்மதியைத் தந்தது.

நான் அங்கேயே வேலை செய்தேன். அந்த வாசலால் பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் என் கண் மேலேதான் போகும். மார்ச் மாதங்களில், சனிக்கிழமைகளில், நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வீதியின் மறுகரையில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போவீர்கள் என்று பிறகு மதுரா சொல்லித்தான் அறிந்தேன். என்ன நினைத்துப் பார்த்தீர்கள்? விழவேண்டும் என்றா, விழக்கூடாது என்றா? உங்களைத் தெரிந்தவளுக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. என்றாலும் கேட்கிறேன்.

ஆங்கிலத்தில் படிக்கப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், கடைசியில் பள்ளியை மூடினார்கள். யன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். பல வருடம் வெறுமனே நின்றது. போன வருடம் ஒரு பிரெஞ்சுப் பள்ளி அதைப் பொறுப்பெடுத்து, திருத்தி எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியை உங்களுக்கு ஆஸ்பத்திரியில் சொன்னேன். பாரிசவாதத்தில் உங்கள் பேச்சு அடிபட்டிருந்தது. கையை மெல்லத் தூக்கிக் கட்டில் சட்டத்தைத் தட்டினீர்கள். என்ன சொல்ல நினைத்தீர்களோ, எனக்கு விளங்கவில்லை. இரண்டு கிழமையில் போய்விட்டீர்கள்.

மதுரா இப்போது அந்தப் பள்ளிக்குக் கிட்டத்தான் இருக்கிறாள். அவளுடைய மகளை அங்கே சேர்க்கலாம் என்று, அயலில் இருப்பவர்களுக்கு வைத்த விளக்கக் கூட்டத்துக்குப் போனாள். அங்கே பொறியியலாளர் படங்கள் காட்டினாவாம். உதிர்ந்த கொளுவிகளின் படம். “எந்த இளவேனிலிலும் இது விழுந்திருக்கலாம். இவ்வளவு காலமும் ஒருவரும் கவனிக்காதது ஆச்சரியம். அளந்ததாக ஒரு பதிவும் இல்லை” என்றாவாம்.

‘ஒருவரும் கவனிக்காதது.’ மதுரா அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய் உங்கள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அடுத்தநாள் பின்னேரம் என் வீட்டு மேசையில் கறுப்புக் கொப்பியை விரித்து வைத்தாள். உங்கள் நேரான எழுத்து. ‘மேல்: நான்கு. நடு: ஒன்றே முக்கால். கீழ்: நான்கு. கீழே அளந்தது: தங்கச்சி வதனா.’

“மாமி, இதில உங்கட பேர் இருக்கு.”

“ஓம் பிள்ளை.”

“நீங்களும் நிண்டனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப இது என்ன?” என்று ஒரு கடிதத்தை எடுத்தாள். உங்கள் கோவையில் வைத்த அதே கடிதத்தின் பிரதி. ஆங்கிலத்தில் இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். “‘அளவு எடுத்தாரா எண்டு கேட்டதுக்கு, தான் தனியக் கண்ணாலதான் பாத்ததெண்டும், தன்னோட ஒருத்தரும் இருக்கேல்லை எண்டும், எழுதின பதிவு ஒண்டும் இல்லை எண்டும் ஊழியர் சொன்னார். முதல் அனுப்பின அளவுகளும் மதிப்பாப் போட்டதுதான் எண்டு ஒப்புக்கொண்டார்.’ அப்பா ஏன் மாமி இப்பிடிச் சொன்னவர்? கொப்பி இருந்தது தானே? நீங்க இருந்தனீங்கதானே?”

அண்ணை, அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு இது தெரியாது. நீங்கள் கொப்பியைக் காட்டினீர்கள், அவர்கள் நம்பவில்லை என்றுதான் பதினான்கு வருடமும் நினைத்திருந்தேன். ‘அண்ணையின்ர கொப்பியையே நம்பாதவை என்ர சொல்லையோ நம்பப்போகினம்’ என்று எனக்கு நானே சொல்லித்தான் நித்திரை கொண்டேன். அந்தக் கொப்பி உங்கள் பையை விட்டு வெளியே வரவேயில்லை. அதைத் திறந்தால் என் பெயர் தெரியும். என் பெயர் தெரிந்தால் நான் பொய் சொன்னது தெரியும். விறாந்தையில் நான் சொன்ன ஒரு வசனத்துக்காக, கதவைத் திறந்து உள்ளே போகும் அந்த நாலு அடிக்குள், இத்தனை வருடத்து வேலையையும் பெயரையும் விட்டுக்கொடுக்க முடிவெடுத்துவிட்டீர்கள். ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, “சாப்பிட்டியோ?” என்று கேட்டீர்கள்.

மதுராவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தை எவ்வளவு விரும்பினவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கே இவருக்கும் சொன்னேன். ரிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். “நான் வந்து இறங்கேக்க அந்த மனுசன் எனக்கு எயர்போட்டுக்குக் கோட்டுக் கொண்டு வந்தவர் எல்லே” என்றார். பிறகு எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மூன்று கிழமையாக மதுரா தொலைபேசியை எடுக்கவில்லை. நான் தனியாகப் பள்ளிக்குப் போனேன். முகப்பு முழுவதும் சாரம் கட்டியிருக்கிறார்கள். பெண்கள் வாசலின் வளைவுக் கற்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, மரத் தட்டுகளில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். திரும்ப அதே இடத்தில் வைப்பார்களாம். செங்கல் இல்லாத இடத்தில் உட்சுவர் தெரிந்தது. ஈரம் ஊறிக் கறுத்து, இரும்பு இருந்த இடமெல்லாம் கறள் கண்ணீர்போல வழிந்திருந்தது. நீங்கள் கோப்பையைத் தள்ளிவிட்டு இரண்டு கையால் காட்டினீர்களே, அது அப்படியே என் கண்முன்னால் இருந்தது.

பொறியியலாளர் முப்பது வயதுப் பிள்ளை. என் பிரெஞ்சு கடைக்குப் போய்வர மட்டும் காணும். அரைகுறை ஆங்கிலமும் சேர்த்து, என் அண்ணன் இங்கே பராமரிப்பாளராக இருந்தவர், சுவரை அளந்தவர், கீழே நின்றவள் நான் என்று சொன்னேன். எண்களையும் சொன்னேன். நாலு, ஒன்றே முக்கால், நாலு. எந்த இடத்தில் நூல் தொங்கியது என்று கையை நீட்டிக் காட்டினேன். அவ தன் கணினியைத் திறந்து எதையோ தேடினா. பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினா.

“அவர் சரியான இடத்தில்தான் அளந்திருக்கிறார், மதாம். அவரைச் சந்திக்கலாமா?”

கார்த்திகையில் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். அவ என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்தி, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டா.

பள்ளி நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கோவையில் இருக்கும் கடிதம் பிழையென்று எழுதி வைக்கவேண்டும், பொய் சொன்ன சாட்சி நான் என்றேன். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். இறந்துபோன ஊழியரின் கோவை மூடப்பட்டுவிட்டது, அதைத் திறக்க ஒழுங்கு எதுவும் இல்லை என்றார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்றும் சொன்னார். ஆனால் நிர்வாகசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரம் உண்டு. பெயர் கொடுத்தால் இரண்டு நிமிடம் தருவார்களாம். பெயர் கொடுத்துவிட்டேன். அதை மதுராவுக்கு ஒரு செய்தியாக அனுப்பினேன். பதில் நேற்றுத்தான் வந்தது. ‘வியாழன் நானும் வாறன். கொப்பி என்னட்டை இருக்கு.’ என்னை மன்னித்துவிட்டதாக அதில் இல்லை. நானும் அதைத் தேடவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, அண்ணை. கேட்டால் உடனே தந்துவிடுவீர்கள், அதுதான் காரணம். கேட்காமலே தந்துவிட்டுப் போன மனிதரிடம் இனி எதைக் கேட்பது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை பின்னேரம் அந்த மண்டபத்தில் எழும்பி நின்று உங்கள் முழுப் பெயரையும் சொல்வேன், பிறகு என் முழுப் பெயரையும் சொல்வேன். அளந்தது அவர், கீழே நின்று பார்த்தது நான், பார்க்கவில்லை என்று பொய் சொன்னதும் நான், என்னைக் காப்பாற்றத் தன்னைப் பொய்யராக்கிக்கொண்டதும் அவர் என்று சொல்வேன். அவர்கள் எழுதிக்கொண்டால் நல்லது. எழுதாவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பெயர் கொடுப்பேன். அதற்கு அடுத்த மாதமும் கொடுப்பேன். என்னைக் கண்டதும் அவர்கள் சலித்துக்கொள்ளும்வரை போவேன், சலித்த பிறகும் போவேன்.

உங்களோடு ஒரு வயிற்றில் பிறந்த,
தங்கச்சி வதனா